பாரசீகப் பூனையின் உருவும் நிறமும்

பாரசீகப் பூனை என்றதும் கண்முன் வருவது உருண்டை முகம், அமுங்கிய மூக்கு, பெரிய தாமிர நிறக் கண்கள், உடலைச் சுற்றிப் புசுபுசுவென்று நிற்கும் நீள முடி. இந்த உருவம் தானாக அமைந்ததன்று. பூனை எப்படி இருக்க வேண்டும் என்று சங்கங்கள் காகிதத்தில் எழுதின. அந்த எழுத்துக்கு அருகில் வந்த பூனைகளை வளர்ப்போர் தேர்ந்து இணைசேர்த்தனர். கண்காட்சியில் பரிசு பெற்றவை அடுத்த தலைமுறைக்குத் தாயும் தந்தையுமாயின. ஏறத்தாழ 150 ஆண்டுகளாக நடந்துவரும் இந்தத் தேர்வின் விளைவே இன்றைய பாரசீகப் பூனை. அதன் தோற்ற விதிகளையும் நிறங்களையும் ஒருசேரப் பார்த்தால் ஒன்று புலப்படும். நிறத்துக்கு மரபணுக்கள் எல்லை வகுத்திருக்கின்றன. எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதைத் தாண்ட முடியாது. முகத்தின் வடிவத்துக்கு அப்படி எளிதில் தட்டுப்படும் எல்லை இல்லை. அங்கே விதியை எழுதுவோர்தாம் கோடு போட்டாக வேண்டும்.

பெயர் வந்த வழி

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வாலே, கொராசான் பகுதியின் நீளமுடிப் பூனைகளைக் கண்டு வியந்து, அவற்றை இத்தாலிக்குக் கொண்டுசெல்ல முனைந்தார். அதே காலத்தை ஒட்டி, பிரெஞ்சு அறிஞர் பெரெஸ்க் துருக்கியின் அங்காரா பக்கத்திலிருந்து வந்த நீளமுடிப் பூனைகளைப் பிரான்சில் வளர்த்தார். முதல் வகைக்குப் பாரசீகம் என்றும் இரண்டாம் வகைக்கு அங்கோரா என்றும் பெயர் வந்தது. ஆனால் ஐரோப்பிய வீடுகளில் இரண்டும் கலந்துவிட்டன. 19ஆம் நூற்றாண்டில் ஒரே பூனையை ஒருவர் அங்கோரா என்பார், இன்னொருவர் பாரசீகம் என்பார்.

இன்றைய பாரசீகப் பூனையின் உடலில் பாரசீக மரபு எவ்வளவு எஞ்சியிருக்கிறது? 2008இல் வெளியான ஒரு விரிவான மரபணு ஆய்வு உலகின் பல பகுதிப் பூனைகளையும் இனப் பூனைகளையும் ஒப்பிட்டது. அதில் பாரசீக இனம், மேற்காசியப் பூனைகளோடு சேராமல் மேற்கு ஐரோப்பியப் பூனைகளின் கூட்டத்தில்தான் நின்றது. பெயர் ஈரானுடையது என்றாலும், இன்றுள்ள உருவம் இங்கிலாந்திலும் பிறகு அமெரிக்காவிலும் உருவாக்கப்பட்டது.

1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வேயர் என்ற ஓவியர் ஒரு பூனைக் கண்காட்சியை நடத்தினார். நவீன பூனைக் கண்காட்சிகளின் தொடக்கம் என்று அதையே சொல்வது வழக்கம். பூனைகளுக்கு மதிப்பெண் போட ஓர் அளவுகோல் வேண்டும் என்பதால், ஒவ்வொரு வகையும் எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்புகளை வேயரே எழுதினார். 1889இல் வெளியான தம் நூலில் அங்கோராவையும் பாரசீகத்தையும் பிரித்துக் காட்டினார்: பாரசீகத்துக்குத் தலை பெரிது, காது அவ்வளவு கூர்மையற்றது என்றார். இன்றைய சப்பை முகத்தின் சாயல்கூட அந்த விவரிப்பில் இல்லை. அக்கால ஓவியங்களிலும் ஒளிப்படங்களிலும் இருப்பவை நல்ல நீளமான மூக்குடைய, முடி அடர்ந்த பூனைகளே.

பிறகு சங்கங்கள் வந்தன. இங்கிலாந்தில் 1887இல் நேஷனல் கேட் கிளப், 1910இல் கவர்னிங் கவுன்சில் ஆஃப் தி கேட் ஃபேன்சி. அமெரிக்காவில் 1906இல் கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன். சுருக்கமாக, பின்னவை இரண்டும் ஜி.சி.சி.எஃப்., சி.எஃப்.ஏ. நிறத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டு நாடுகளும் வேறு வேறு வழியில் போயின. இங்கிலாந்தில் 'லாங்ஹேர்' என்ற தலைப்பின்கீழ் ஒவ்வொரு நிறமும் கிட்டத்தட்டத் தனி இனமாகவே நடத்தப்பட்டது. நிறத்துக்கு நிறம் தனித் தர விதியும் தனிச் சங்கமும் இருந்தன. அமெரிக்காவில் இனம் ஒன்று, நிறங்கள் அதன் பிரிவுகள். பூனையின் நிறம் இவ்வளவு பெரிய விஷயமானதற்கு ஆங்கிலேயரின் அந்தப் பழக்கமே வேர்.

தர விதி சொல்லும் உருவம்

சி.எஃப்.ஏ.வின் தர விதியில் மொத்தம் 100 புள்ளிகள். தலைக்கு 30, உடலமைப்புக்கு 20, முடிக்கு 10, சமச்சீருக்கு 5, நேர்த்திக்கு 5, நிறத்துக்கு 20, கண்ணின் நிறத்துக்கு 10. முடிக்குப் பேர்போன ஓர் இனத்தில் முடிக்குப் பத்தே புள்ளிகள்தாம். தலைக்கு அதைப்போல் மூன்று மடங்கு. நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் கூட்டினால் தலையின் புள்ளிகளுக்குச் சமம். கண்காட்சி மேசையில் எது வெல்லும், வளர்ப்போர் எதைத் துரத்துவர் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

தலை உருண்டையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். மண்டையோடு அகன்றிருக்க வேண்டும். உருண்டை என்பது முடியை வாரிவிட்டு வரவழைப்பதாக இருக்கக் கூடாது, அடியிலுள்ள எலும்பே உருண்டையாக இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. நடுவர் விரலால் தடவிப் பார்ப்பது இதற்காகவே. காதுகள் சிறியவை, நுனி வட்டமானவை. ஒன்றுக்கொன்று எட்ட, தலையில் தாழ்வாக அமர்ந்து, தலையின் வட்டக்கோட்டைக் கெடுக்காமல் சற்றே முன்சாய்ந்திருக்க வேண்டும். கண்கள் பெரியவை, வட்டமானவை, அகன்று அமைந்தவை. கன்னம் நிறைந்து, தாடை அகன்று வலுவாக, முகவாய் உருண்டு இருக்க வேண்டும். கழுத்து குட்டையும் பருமனுமானது.

உடல் கட்டுக்குட்டானது. கால்கள் குட்டை, எலும்பு கனம், மார்பு அகன்று ஆழமானது. தோளும் பின்புறமும் ஒரே அளவு பருமன், முதுகு மட்டமானது. முன்கால்கள் வளையாமல் நேராக நிற்க வேண்டும். பாதம் பெரியது, வட்டமானது. முன்பாதத்தில் ஐந்து விரல், பின்பாதத்தில் நான்கு. வால் குட்டை என்றாலும் உடலின் நீளத்துக்குப் பொருத்தமானது; முதுகைவிடத் தாழ்வாக, வளைவின்றிப் பிடித்திருக்கும். வால் மடிந்திருந்தாலோ, விரல்களின் எண்ணிக்கை மாறினாலோ, மாறுகண் இருந்தாலோ, முகம் ஒருபுறம் கோணினாலோ பூனை போட்டியிலிருந்து விலக்கப்படும்.

முடி உடலோடு ஒட்டாமல் எழும்பி நிற்க வேண்டும். இழை மெல்லியதாக, உயிர்ப்புள்ள பளபளப்போடு இருக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிப் பிடரி போன்ற ஒரு பெரிய வளையம்; அது முன்கால்களுக்கு நடுவே தொங்கலாக இறங்கும். காதின் உள்ளிருந்தும் கால்விரல்களின் இடையிலிருந்தும் குஞ்சங்கள் நீண்டு வரும். இந்த நீளத்துக்குக் காரணம் எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணு. முடியின் வளர்ச்சிக் கட்டத்தை முடித்துவைக்கும் சமிக்ஞையை அது தருகிறது. அது பழுதானால் 'போதும்' என்று சொல்ல ஆளில்லை. முடி நீண்டுகொண்டே போகும். இந்தப் பண்பு ஒடுங்கு பண்பு, அதாவது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுபட்ட இரு பிரதிகளும் வந்தால்தான் வெளிப்படும். தெருவில் திரியும் இரண்டு குட்டைமுடிப் பூனைகளுக்கு எப்போதாவது ஒரு புசுபுசுக் குட்டி பிறப்பதும் இதனால்தான். பாரசீக இனத்தில் மேல்முடி மட்டுமன்றி அடிமுடியும் அசாதாரணமாக நீண்டிருக்கும். அடிமுடி மென்மையானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இயல்புடையது. நாள்தோறும் சீவாவிட்டால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் சடை விழுந்து, தோலை இழுத்துப் பூனைக்கு வலியைத் தரும்.

நிறத்தின் இலக்கணம்

சி.எஃப்.ஏ. பாரசீகப் பூனைகளை ஏழு நிறப் பிரிவுகளாக வகுத்திருக்கிறது: ஒற்றை நிறம், வெள்ளி-பொன், நிழலும் புகையும், வரி, கலவை நிறம், வெள்ளையோடு கலந்த இருநிறமும் மூவண்ணமும், இமாலயன். பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பவை இரண்டே சாயங்கள். கருமையும் பழுப்பும் தருவது யூமெலனின்; சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். எந்தச் சாயம் எவ்வளவு, முடியின் எந்தப் பகுதியில், உடலின் எந்த இடத்தில் என்று ஏழெட்டு மரபணுக்கள் தீர்மானிப்பதே மீதிக் கதை.

ஒற்றை நிறத்தில் கருப்புக்கு விதி கடுமையானது. வேர் முதல் நுனி வரை நிலக்கரி போன்ற கருமை வேண்டும். நுனியில் துருவின் சாயலோ அடியில் சாம்பலோ கூடாது. நீள முடியில் இது எளிதன்று. வெயில் பட்டால் கருப்பு செம்பட்டையாகும் என்பதால் கண்காட்சிக்கு வளர்க்கும் கருப்புப் பூனைகளை வெயிலில் விடாமல் பார்த்துக்கொள்வார்கள்.

பூனை உலகில் 'நீலம்' என்பது உண்மையில் சாம்பல் நிறம். கருப்பு முடியையும் நீல முடியையும் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு சாயத்தில் இல்லை, அது பரவியிருக்கும் விதத்தில்தான் என்று தெரியும். கருப்பு முடியில் நிறமித் துகள்கள் சீராகப் பரவி ஒளியை விழுங்குகின்றன. நீல முடியில் அதே துகள்கள் ஆங்காங்கே கட்டிகட்டியாகத் திரண்டு, இடையே வெற்றிடம் விட்டு நிற்கின்றன. அந்த வெற்றிடம் வழியே ஒளி சிதறுவதால் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. துகள்களை முடிக்குள் கொண்டுசேர்க்கும் மெலனோஃபிலின் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டதன் விளைவு இது. அதே விடுபடல் சிவப்பை வெளிர் சந்தன நிறமாக்கும், சாக்லேட்டை லைலாக் ஆக்கும். விக்டோரியா அரசி நீலப் பாரசீகப் பூனைகளை வளர்த்ததாலும் அந்த நிறத்துக்கு மதிப்பு ஏறியது. 1901இல் நீலத்துக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. விதிப்படி நீலம் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே சாயலாக இருக்க வேண்டும். வெளிறிய சாயலுக்கு முன்னுரிமை. ஆனால் கருமையான நீலம் சீராக இருந்து, வெளிர் நீலம் திட்டுத்திட்டாக இருந்தால் சீரானதற்கே வெற்றி.

சிவப்பில்தான் விதியும் மரபணுவும் நேருக்குநேர் மோதிக்கொள்கின்றன. சிவப்புப் பாரசீகப் பூனையின் உடலில் வரியோ புள்ளியோ தெரியக் கூடாது என்கிறது விதி. பூனையின் வரிகளை மறைத்து ஒற்றை நிறமாக்குவது அகூட்டி என்ற மரபணுவின் பழுதுபட்ட வடிவம். அது கருப்புச் சாயத்தின்மீதுதான் வேலை செய்யும். சிவப்புச் சாயத்தின்மீது அதற்கு அதிகாரமில்லை. ஆகவே ஒவ்வொரு சிவப்புப் பூனையும் அடிப்படையில் வரிப்பூனையே. வரியும் இடைவெளியும் ஏறக்குறைய ஒரே சாயலில் உள்ள பூனைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்ப்போர் அதை மறைத்திருக்கிறார்கள்; நீள முடி மிச்சத்தைக் கலைத்துவிடுகிறது. நெற்றியை உற்றுப் பார்த்தால் மங்கிய கோடுகள் பெரும்பாலும் அகப்படும்.

இந்தச் சிவப்பின் மரபணு எது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்று நூறாண்டுக்கும் மேலாகத் தெரியும். 2025இல்தான் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே அதைக் கண்டறிந்து வெளியிட்டன. ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.36 என்ற மரபணுவின் அருகே ஏறத்தாழ 5,100 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அதனால் நிறமி செல்களில் அந்த மரபணு வேண்டாத இடத்தில் விழித்துக்கொண்டு, கருப்புச் சாயம் உருவாவதைத் தடுத்துவிடுகிறது.

எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் வருவதே கலவை நிறத்தின் அழகு. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் சிவப்பும் மற்றதில் கருப்பும் இருந்தால், கரு வளரும்போது ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை அணைத்துவிடுகிறது; எதை அணைப்பது என்பது தற்செயல். பாலூட்டிகளில் இப்படி நடப்பதை 1961இல் பிரிட்டிஷ் மரபியலாளர் மேரி லயன் எடுத்துரைத்தார். அணைத்த செல்லின் வழித்தோன்றல்கள் அதே முடிவைக் கடைப்பிடிப்பதால் உடலெங்கும் கருப்பும் சிவப்பும் விரவிய ஆமையோட்டு நிறம் உண்டாகிறது. வெள்ளையும் சேர்ந்தால் திட்டுகள் பெரிதாகித் தெளிவாகப் பிரிந்து மூவண்ணப் பூனையாகும். ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் ஆமையோட்டு நிற ஆண் மிக அரிது. இருந்தால் பெரும்பாலும் கூடுதல் எக்ஸோடு பிறந்த, குட்டி ஈனச்செய்ய இயலாத பூனையாகவே இருக்கும். ஒரே மரபணுத் தொகுதியுள்ள இரண்டு பூனைகளுக்குக்கூடத் திட்டுகள் ஒன்றுபோல் அமையாது. 2001இல் டெக்சாஸில் ஒரு மூவண்ணப் பூனையிலிருந்து நகலாக்கிப் பிறந்த முதல் குளோனிங் பூனை 'சி.சி.' தன் மூலப் பூனையைப்போல் நிறம் கொண்டிருக்கவில்லை. சிவப்பே அதன் உடலில் இல்லை. இத்தகைய நிறத்துக்கு எந்த விதியாலும் வரைபடம் போட முடியாது. விதியும் அதை உணர்ந்து, திட்டாக இருந்தாலும் சரி, இழையோடிக் கலந்திருந்தாலும் சரி என்று விட்டுக்கொடுக்கிறது.

வெள்ளை ஒரு நிறமே அன்று, நிறத்தின் மேல் போட்ட போர்வை. கே.ஐ.டி. என்ற மரபணுவில் பழைய வைரஸ் ஒன்றின் துண்டு வந்து சொருகியதால் நிறமி செல்கள் தோலைச் சென்றடையவில்லை. அடியில் அந்தப் பூனை கருப்பாகவோ சிவப்பாகவோ இருக்கலாம். வெள்ளைக் குட்டியின் உச்சந்தலையில் சில நேரம் ஒரு சிறு கறை போலத் தெரிவது அந்த அடிநிறமே. வளர வளர அது மறைந்துபோகும். நிறமி செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் பூனைக்குக் காது கேட்காது. இரு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனைகளில் இந்தக் குறை வரும் வாய்ப்பு மிகுதி. தாமிரக் கண் வெள்ளையில் குறைவு. ஒரு கண் நீலமும் மறு கண் தாமிரமுமான பூனையில் நீலக் கண் உள்ள பக்கத்துக் காது மட்டும் கேளாமல் இருப்பதுண்டு. தர விதி மூன்று வகைக் கண்களையும் ஏற்கிறது. வாங்குவோருக்கோ காது கேட்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதே கே.ஐ.டி. மரபணுவின் மிதமான வடிவம் உடலின் சில பகுதிகளை மட்டும் வெளுக்கச் செய்து இருநிறப் பூனைகளைத் தருகிறது. நிறமி செல்களின் மூலச் செல்கள் கருவில் முதுகுத்தண்டை ஒட்டித் தோன்றி இரு பக்கமும் இறங்குகின்றன. தொண்டையும் வயிறும் பாதமும் கடைசியில் வரும் ஊர்கள். பயணம் தடைப்பட்டால் முதலில் வெள்ளையாவது அவைதாம். ஒற்றை நிறப் பூனையின் தொண்டையில் ஒரு பொட்டு வெள்ளை இருந்தாலும் போட்டியிலிருந்து விலக்கம். உடலுக்கு எந்தத் தீங்கும் செய்யாத, கருவில் சில செல்கள் தாமதித்ததால் வந்த அந்தப் பொட்டுக்கு இவ்வளவு தண்டனை மிகை.

வெள்ளிதான் இந்த இனத்தின் மகுடம். சின்சில்லா என்று பெயர் பெற்ற வெள்ளிப் பாரசீகத்தின் முதுகிலிருந்து ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், அடியிலிருந்து ஏறக்குறைய முழு நீளமும் பால் வெள்ளை. நுனியில் மட்டும் மை தொட்டாற்போல் கருப்பு. முதுகு, விலா, தலை, வால் எங்கும் இந்தக் கருப்பு நுனிகள் பனிமேல் தூவியதுபோல் படிந்து, பூனை அசையும்போது மினுமினுக்கும். முகவாய், மார்பு, வயிறு தூய வெள்ளை. கண்ணிமையும் உதடும் மூக்கின் ஓரமும் கண்மை தீட்டியதுபோல் கருங்கோட்டில் எடுபடும். மூக்கு நுனி செங்கல் நிறம். கண் பச்சை அல்லது நீலப்பச்சை. மற்றப் பாரசீகங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாமிரக் கண் விதிக்கப்பட்டிருக்க, வெள்ளிக்கும் பொன்னுக்கும் பச்சை. பிறக்கும்போது சின்சில்லாக் குட்டியின் உடலில் கருவரிகள் ஓடும். வாரங்கள் போகப் போக அவை கரைந்து வெள்ளி தெளியும்.

கருப்பு நுனி முடியின் நீளத்தில் இன்னும் சற்று இறங்கினால் அது நிழல் வெள்ளி. பாதிக்கும் மேல் இறங்கினால் புகை. புகைநிறப் பூனை அசையாமல் உட்கார்ந்திருந்தால் கருப்புப் பூனை என்றே எண்ணத் தோன்றும். எழுந்து நடக்கும்போது முடி பிரிந்து அடியிலிருந்து வெண்மை பளிச்சிடும். வெள்ளி மரபணு இல்லாமல் அதே நுனி நிறம் மட்டும் இருந்தால் அடிமுடி சூடான சந்தன நிறமாகிப் பொன் பாரசீகம் கிடைக்கும். சின்சில்லா ஈற்றில் இப்படிப் பிறந்த பழுப்புக் குட்டிகள் நெடுங்காலம் கழிசடையாக ஒதுக்கப்பட்டன. அமெரிக்கச் சங்கம் 1970களில்தான் பொன்னுக்குத் தனி இடம் கொடுத்தது. குறை என்று தள்ளியது விதி மாறியதும் பரிசுக்குரிய நிறமாயிற்று.

வரிப்பூனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழகத் தெருப்பூனைகளில் பெரும்பகுதி அந்த வகையே. நெற்றியில் ஆங்கில 'எம்' எழுத்தை ஒத்த கோடு, கழுத்தில் மாலைகள், காலில் வளையல்கள். தெருப்பூனையின் மெல்லிய செங்குத்து வரிகள் நீள முடியில் எளிதில் கலங்கிவிடும். விலாவில் அகன்ற சுழியும் தோளில் பட்டாம்பூச்சி வடிவமும் போடும் வரியே பாரசீக முடியில் எடுப்பாக நிற்கிறது.

இமாலயன், சயாமியப் பூனையின் முனைநிறத்தை, அதாவது காது, முகம், பாதம், வால் மட்டும் கருத்த நிறத்தை, பாரசீக உடலில் ஏற்றிய முயற்சி. 1930களில் ஹார்வர்டைச் சேர்ந்த மரபியலாளர் கிளைட் கீலரும் வளர்ப்பாளர் வர்ஜீனியா காபும் இதில் இறங்கினர். சயாமியையும் பாரசீகத்தையும் இணைத்தால் பிறப்பவை எல்லாம் குட்டைமுடி, முழுநிறப் பூனைகள். நீள முடி, முனைநிறம் இரண்டும் ஒடுங்கு பண்புகள் என்பதே காரணம். அந்தக் குட்டிகளை ஒன்றோடொன்று இணைத்தால் 16க்கு ஒன்று என்ற கணக்கில்தான் இரண்டும் ஒருங்கே அமைந்த குட்டி கிடைக்கும். ஜி.சி.சி.எஃப். 1955இலும் சி.எஃப்.ஏ. 1957இலும் இந்த நிறத்தை ஏற்றன, 1984இல் சி.எஃப்.ஏ. அதைப் பாரசீகத்தின் ஒரு பிரிவாகச் சேர்த்தது. இமயமலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதே நிற அமைப்புள்ள இமாலயன் முயலிலிருந்து பெயர் வந்தது. நிறமியை ஆக்கும் நொதி இந்தப் பூனைகளில் உடற்சூட்டில் செயலிழந்து, குளிர்ந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும். கருப்பை வெப்பமானது, குட்டிகள் வெள்ளையாகப் பிறக்கின்றன. பிறகு காது, முகம், பாதம், வால் எனக் குளிர்ந்த முனைகள் கருக்கின்றன. குளிர் நாட்டில் உடலும் சற்றுக் கருக்கும். சென்னை போன்ற வெப்ப ஊரில் வெளிறியே இருக்கும். சிகிச்சைக்காக ஓரிடத்தில் முடியை மழித்தால் அங்கே புதிதாக வரும் முடி கருத்து வளர்வதும் உண்டு. கண் நீலம் என்பது இந்தப் பிரிவில் மாறாத விதி. சாக்லேட்டும் லைலாக்கும் பாரசீக இனத்துக்குள் நுழைந்ததும் சயாமியிடமிருந்து இதே வழியில்தான்.

முகத்தின் கதை

நிறங்களில் இத்தனை வகை வந்தும் பூனைக்குப் பெரிய கேடு வரவில்லை. வெள்ளையின் காதுகேளாமை ஒன்றே கவலைக்குரியது. முகத்தின் கதை வேறு. மூக்கு குட்டையாக, சப்பையாக இருக்க வேண்டும் என்று விதி எழுதியது. எவ்வளவு குட்டை என்று எண்ணால் சொல்லவில்லை. குட்டையான மூக்குக்குப் பரிசு கிடைத்தால் அதைவிடக் குட்டையானது அடுத்த ஆண்டு வரும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் சிவப்பு, சிவப்பு வரிப் பூனைகளிடையே பெக்கினீஸ் நாயை ஒத்த அமுங்கிய முகம் தோன்றி 'பீக்ஃபேஸ்' என்று தனி வகையாகக் காட்டப்பட்டது. அந்த வகை தேய்ந்து மறைந்தது; 1980களுக்குள் மற்ற நிறங்களிலும் ஏறத்தாழ அதே முகம் பொதுவாகிவிட்டது. இன்றைய சி.எஃப்.ஏ. விதிப்படி, பக்கவாட்டில் பார்த்தால் நெற்றியும் மூக்கும் முகவாயும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். மூக்கின் மடிப்பு இரு கண்களுக்கும் நடுவே விழ வேண்டும்.

இதன் விலையைப் பூனை கொடுக்கிறது. மண்டையோட்டின் முகப்பகுதி சுருங்கினாலும் உள்ளிருக்கும் மென்தசை அதே அளவு சுருங்குவதில்லை. மூக்குத்துளை இடுங்குகிறது. கண்ணீர் வடியும் குழல் வளைந்து அடைபடுவதால் கண்ணீர் கன்னத்தில் வழிந்து பழுப்புக் கறை படிகிறது. கண்கள் துருத்தி நிற்பதால் விழி எளிதில் புண்ணாகிறது. பற்கள் இடமின்றிக் கோணுகின்றன. குட்டியின் பெரிய உருண்டைத் தலை பிரசவத்தைக் கடினமாக்குகிறது. 2016இல் வெளியான எடின்பரோ ஆய்வாளர்களின் ஆய்வு, முகம் தட்டையாகத் தட்டையாகப் பூனைகளின் மூச்சுக் கோளாறு மிகுவதைக் காட்டியது. 2017இல் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகக் குழு பாரசீகப் பூனைகளின் மண்டையோட்டைப் படமெடுத்து ஆராய்ந்து, மிக அமுங்கிய முகமுள்ளவற்றில் மூளைக்குள் நீர் தேங்கும் நிலையைக் கண்டது.

மூக்குக்கு எல்லைக்கோடு போட முடியாது என்பதில்லை. போட்ட இடங்கள் உண்டு. பிரிட்டனின் ஜி.சி.சி.எஃப்., மூக்கு நுனித்தோலின் மேல் விளிம்பு கீழ் இமையின் விளிம்பைவிட உயர்ந்திருந்தால் அந்தப் பூனைக்குச் சான்றிதழை மறுக்கச் சொல்கிறது. யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒற்றைக் கோடு அது. ஜெர்மனியின் விலங்குநலச் சட்டம் துன்பம் தரும் இனப்பெருக்கத்தையே தடை செய்கிறது. அமெரிக்க விதி இன்றும் செங்குத்துக் கோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது தவறு. தொண்டையிலுள்ள ஒரு பொட்டு வெள்ளைக்காகப் பூனையை மேசையிலிருந்து இறக்கும் விதி, மூச்சுக்குத் திணறும் மூக்கைப் பொறுத்துக்கொள்ளலாகாது.

இந்தியச் சந்தையில், தமிழக நகரங்கள் உட்பட, பாரசீகக் குட்டிகளை 'டால் ஃபேஸ்', 'செமி பஞ்ச்', 'பஞ்ச் ஃபேஸ்' என்று பிரித்து விற்கிறார்கள். சங்கங்களின் விதிநூலில் இந்தச் சொற்கள் இல்லை. மூக்கு உள்ளே போகப் போக விலை ஏறுகிறது. நாய்க்குப் போலவே பூனைக்கும் வியர்வையால் உடற்சூட்டைத் தணிக்கும் வழி குறைவு. அடர்ந்த முடியோடு இடுங்கிய மூக்கும் சேர்ந்தால் கோடை வெயிலில் அந்தக் குட்டியின் நிலை மோசமாகும். குட்டியை வாங்குவோர் முகத்துக்கு நேரே நின்று பார்ப்பதோடு பக்கவாட்டிலும் பார்க்கட்டும். மூக்கு நுனி கீழ் இமைக்குக் கீழே இருக்கிறதா, துளைகள் திறந்திருக்கின்றனவா, வாய் மூடியபடி சத்தமின்றி மூச்சு விடுகிறதா என்று கவனிக்கட்டும்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகி நாளடைவில் அதைச் செயலிழக்கச் செய்யும் மரபுநோய் பாரசீகப் பூனைகளில் மிகப் பரவலாக இருந்தது. பழைய ஆய்வுகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்று மதிப்பிட்டன. இது ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தால் குட்டிகளில் பாதிக்கு வரலாம். காரணமான பி.கே.டி.1 மரபணு மாற்றத்தை 2004இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை சோதித்தால் போதும். தாய், தந்தை இரண்டின் சோதனை அறிக்கையையும் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.